மாடிப்படியில் தடுமாறிய பெரியவர்கள்: எந்தப் படியில், ஏன், அப்புறம் என்ன மாற்றினீர்கள்?

மாடிவீட்டு மகன்

அப்பாவுக்கு வயது எழுபத்தாறு. நடையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சமீபத்தில் மாடியிலிருந்து இறங்கும்போது கடைசிப் படியில் தடுமாறி, சுவரில் தோள் இடித்து நின்றார். சிராய்ப்போடு போயிற்று. வீட்டில் ஆளாளுக்கு ஒரே கேள்விதான்: "பார்த்து இறங்கக் கூடாதா?" அப்பாவும் அதையே சொல்லித் தன்னைத் தானே நொந்துகொண்டார்.

எனக்கு என்னவோ அது சரியாகப் படவில்லை. அதே கடைசிப் படியில் அம்மா ஒரு தடவை தடுமாறியிருக்கிறார். வீட்டுக்கு வந்த இளவயது உறவினர் ஒருவரும் தடுமாறியிருக்கிறார். மூன்று பேருக்கும் கவனம் ஒரே இடத்திலா சிதறும்? டேப்பை எடுத்து அளந்து பார்த்தேன். எல்லாப் படிகளும் 17 செ.மீ. உயரம். கடைசிப் படி மட்டும் 14. கூடத்துக்குப் புது டைல்ஸ் போட்டபோது பழைய தரையைப் பெயர்க்காமல் அதன் மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். தரை உயர்ந்துவிட்டது, படி அப்படியே நின்றுவிட்டது.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் தடுமாறியிருந்தால் எந்தப் படியில், எந்த நேரத்தில், கையில் என்ன வைத்திருந்தார்கள், அதன் பிறகு எதை மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். "கவனமாக இருக்கச் சொல்லுங்கள்" என்பது மட்டும் வேண்டாம். அது எங்கள் வீட்டில் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது.

பழைய கொத்தனார்

தம்பி, டேப் எடுத்தீர்களே, அதுதான் சரியான வேலை. இந்த டைல்ஸ் கதையை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். வீடு கட்டும்போது படி சரியாகத்தான் இருந்திருக்கும். பத்துப் பதினைந்து வருஷம் கழித்துத் தரையை மாற்றுவார்கள். டைல் ஒரு செ.மீ., அடியில் கலவை இரண்டு செ.மீ., ஆக மூன்று போய்விடும்.

படியில் இறங்குகிறவர் ஒவ்வொரு படியையும் பார்த்து இறங்குவதில்லை. முதல் இரண்டு மூன்று படிகளைக் கண் பார்க்கும். அந்த உயரத்தைக் கால் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு கால்தான் கணக்கு வைத்துக்கொண்டு போகும். 17, 17, 17 என்று இறங்கி வந்த கால் கடைசியிலும் 17-க்குத் தயாராக வருகிறது. தரை 14-லேயே வந்து இடித்தால் முட்டி அதிர்ந்து உடம்பு முன்னால் சாயும். தரை தாழ்ந்திருந்தால் இன்னும் மோசம், கால் காற்றில் இறங்கிவிடும். இளசுகள் ஒரு எட்டு வைத்துச் சமாளித்துவிடுவார்கள். வயதானவருக்கு அந்த ஒரு எட்டு வைக்க நேரம் போதாது.

அமெரிக்காவின் மாதிரி வீட்டுக் கட்டட விதிகளில், ஒரே படிவரிசையில் மிக உயரமான படிக்கும் மிகத் தாழ்வான படிக்கும் 3/8 அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்று இருக்கிறது. முழுசாக ஒரு செ.மீ.கூட இல்லை. உங்கள் வீட்டில் மூன்று.

சரி செய்வதில் ஒரு சிக்கல் உண்டு, அதைத் தெரிந்துகொண்டு ஆளைக் கூப்பிடுங்கள். "எல்லாப் படிக்கும் அதே கனத்தில் டைல்ஸ் ஒட்டிவிடலாம், சரியாகிவிடும்" என்று சிலர் சொல்வார்கள். ஒட்டினால் கீழ்ப்படி 17 ஆகிவிடும், உண்மைதான். ஆனால் மேல்மாடித் தரை பழைய மட்டத்திலேயே இருந்தால் உச்சிப் படி 14 ஆகிவிடும். கீழே இருந்த வம்பை மேலே தூக்கி வைத்ததுதான் மிச்சம். உச்சியில் தடுமாறினால் முழுப் படிவரிசையையும் உருண்டு வர வேண்டும். கீழ்த்தரை, படிகள், மேல்தரை மூன்றும் ஒரே கனத்தில் ஏறினால்தான் கணக்கு நேராகும். இல்லாவிட்டால் படிக்கட்டு இறங்கும் இடத்தில் மட்டும் புது டைலைப் பெயர்த்துப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஆனால் அந்தப் பள்ளத்தின் ஓரம் புதுத் தடுக்கலாகிவிடக் கூடாது. அதனால் ஒரு ஆள் தாராளமாக நிற்கிற அளவுக்குப் பெயர்க்க வேண்டும். அதுவும் முடியாது என்றால் கடைசிப் படி விளிம்பில் பளிச்சென்று வேறு நிறப் பட்டை போட்டு, கைப்பிடியைத் தரை வரைக்கும் நீட்டிவிடுங்கள். அது தீர்வு இல்லை, எச்சரிக்கைதான். ஆனால் ஒன்றுமில்லாததற்கு அது பரவாயில்லை.

படியின் அகலத்தையும், அதாவது பாதம் வைக்கிற இடத்தின் முன்பின் அளவையும், அளந்து பாருங்கள். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சுவா பிளோண்டெல் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஒரு கணக்குச் சொன்னார். இரண்டு படி உயரத்தையும் ஒரு படி அகலத்தையும் கூட்டினால் மனிதன் வைக்கும் ஒரு எட்டின் நீளம் வர வேண்டும். இன்றைக்கு 60-லிருந்து 65 செ.மீ. என்று வைத்துக்கொள்கிறோம். 17 உயரம், 28 அகலம் என்றால் 62. கால் நிம்மதியாக உட்காரும். அகலம் 22 என்று இருக்கிற படியில் பாதம் பாதி வெளியே தொங்கும். வயதானவர்கள் அந்த மாதிரிப் படியில் பாதத்தைக் கோணலாகத் திருப்பி வைத்து இறங்குவார்கள். அதைப் பார்த்து "மூட்டு வலி" என்று நினைத்துவிடுகிறோம். சில சமயம் வலி மூட்டில் இருக்காது, படியில்தான் இருக்கும்.

வீட்டுக்கு வரும் செவிலி

பக்கவாதம் வந்தவர்களை வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு வீட்டில் ஐயாவுக்கு இடது பக்கம் பலவீனம். படிக்கட்டில் ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி, ஏறும்போது வலது பக்கம் வரும். வலது கையால் பிடித்துக்கொண்டு ஜம்மென்று ஏறிவிட்டார். குடும்பமே சந்தோஷப்பட்டது. மறுநாள் காலை இறங்க வேண்டுமே! திரும்பி நின்றால் அதே கைப்பிடி இடது பக்கம் வந்துவிட்டது, பிடிக்க முடியாத கையின் பக்கம். இது அதுவரை அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்குப் பிசியோ (உடற்பயிற்சிச் சிகிச்சை தருபவர்) வந்து, கைப்பிடியைப் பார்த்தபடி பக்கவாட்டில் திரும்பி நின்று, நல்ல கையால் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கப் பழக்கினார். அப்புறம் எதிர்ச் சுவரிலும் கைப்பிடி போட்டார்கள். என்னைக் கேட்டால், ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் இதைத்தான் செய்யச் சொல்வேன்: இரண்டு பக்கமும் கைப்பிடி. பக்கவாதம் வந்தவருக்கு மட்டுமில்லை. தோள் வலி, மணிக்கட்டு முறிவு, கையில் ஊன்றுகோல் என்று ஏதோ ஒன்று எல்லாருக்கும் ஒரு நாள் வரும்.

ஒரு கால் மட்டும் வலியோ பலவீனமோ உள்ளவர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பது: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோயுள்ள கால் முதலில். ஏறும்போது உடம்பைத் தூக்குவது மேலே வைத்த கால், இறங்கும்போது உடம்பைத் தாங்கி விடுவது மேலே நிற்கிற கால். இரண்டு சமயமும் பாரம் நல்ல காலுக்குப் போகிறது. ஊன்றுகோல் எப்போதும் நோயுள்ள காலோடு சேர்ந்தே போக வேண்டும்.

கூடப் போகிறவர் எங்கே நிற்பது என்பதிலும் பலருக்குக் குழப்பம். கையைப் பிடித்து மேலிருந்து இழுக்கக் கூடாது. ஏறினாலும் இறங்கினாலும் நீங்கள் அவரைவிட ஒரு படி கீழே, சற்று பக்கவாட்டில் நில்லுங்கள். உங்கள் ஒரு கை கைப்பிடியில் இருக்கட்டும். அவர் சாய்ந்தால் இரண்டு பேரும் சேர்ந்து போகக் கூடாது பாருங்கள்.

வீட்டில் உள்ள ஆபத்துகளைச் சரி செய்வதால் உண்மையில் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், வீட்டு ஆபத்துகளைக் குறைத்ததால் முதியவர்கள் விழுவது சுமார் 26 சதவீதம் குறைந்திருந்தது. ஏற்கெனவே விழுந்தவர்கள், அன்றாட வேலைக்கு உதவி தேவைப்படுபவர்கள் போன்ற அதிக ஆபத்துள்ளவர்களைத் தனியாக எடுத்தால் 38 சதவீதம். எந்த மருந்துக் கடையிலும் இந்தப் பலன் பாட்டிலில் கிடைக்காது.

நாலு கண்

எங்கள் வீட்டில் குற்றவாளி கண்ணாடி. அம்மாவுக்குப் புதிதாகப் புரோகிரசிவ் லென்ஸ் வாங்கிக் கொடுத்தோம். படிக்க, டிவி பார்க்க எல்லாம் ஒரே கண்ணாடி என்று அவருக்கு ஏக மகிழ்ச்சி. ஆனால் படி இறங்கும்போது மட்டும் சுவரைத் தடவிக்கொண்டே இறங்க ஆரம்பித்தார். கேட்டால், "படியெல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டின மாதிரி தெரியுது" என்றார்.

விஷயம் இதுதான். அந்த லென்ஸின் கீழ்ப்பாதி புத்தகம் பிடிக்கிற தூரத்துக்கானது. கண்ணை மட்டும் தாழ்த்திப் படியைப் பார்த்தால் அந்தக் கீழ்ப்பாதி வழியாகத்தான் பார்வை போகும். படியோ அதைவிடப் பல மடங்கு தள்ளி இருக்கிறது. விளிம்பு கலங்கித் தெரியாமல் என்ன செய்யும்? பைஃபோகல் கண்ணாடியிலும் இதே கதைதான். மோவாயை நன்றாகத் தாழ்த்தி லென்ஸின் மேல்பகுதி வழியாகப் பார்க்கச் சொல்வார்கள். அம்மாவுக்குக் கழுத்து வலி, அது நடக்கவில்லை. கடைசியில் தூரப் பார்வைக்கு மட்டும் தனியாக ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டோம். படி இறங்கவும் வெளியே போகவும் அதுதான்.

ஆனால் எல்லாரும் உடனே ஓடிப்போய் இரண்டாவது கண்ணாடி வாங்கிவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் நடத்தி 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், அடிக்கடி வெளியே போய்வருகிற முதியவர்களுக்குத் தனிக் கண்ணாடியால் விழுவது குறைந்தது. வெளியே அதிகம் போகாதவர்களுக்கோ வெளியிடங்களில் விழுவது கூடிவிட்டது. கண் மருத்துவரிடம் "இவர் ஒரு நாளைக்கு எங்கெங்கே நடக்கிறார்" என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று, படி விளிம்பில் ஒட்டுகிற பட்டை. எங்கள் படிகள் புள்ளி புள்ளியான பளபளக் கல். மேலே நின்று பார்த்தால் எந்த இடத்தில் படி முடிகிறது என்று எனக்கே தெரியாது. மஞ்சள் நிறத்தில் சொரசொரப்பான பட்டை வாங்கி ஒட்ட ஆள் விட்டோம். விளிம்பு வளைவாக இருந்ததால் பட்டை ஒட்டவில்லை என்று அவர் இரண்டு விரல் உள்ளே தள்ளி ஒட்டிவிட்டுப் போய்விட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் கண் அந்தப் பட்டையைத்தான் விளிம்பு என்று எடுத்துக்கொள்கிறது. ஏறும்போது நிஜ விளிம்பு அதற்கு முன்பே வந்து கால்விரலைத் தட்டியது. எல்லாவற்றையும் உரித்து, விளிம்போடு விளிம்பாக வருகிற மாதிரி உலோகப் பட்டை வைத்துத் திருகி முடித்தோம். கல் கறுப்பாக இருந்தால் பட்டை வெளுப்பாக இருக்கட்டும், கல் வெளுப்பாக இருந்தால் கறுப்பு. நிறம் அழகாகப் பொருந்துகிறதே என்று கடையில் சொன்னால் அந்த நிறத்தை வாங்காதீர்கள்.

பிரிட்டனில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு வேடிக்கையான காரியம் செய்து பார்த்திருக்கிறார்கள். படியின் செங்குத்து முகத்தில் மேலும் கீழுமாகக் கோடுகள் போட்டால் படி உண்மையைவிட உயரமாகத் தெரிகிறது. ஏறுகிறவர் தன்னை அறியாமல் காலை இன்னும் கொஞ்சம் தூக்கி வைக்கிறார். நாங்கள் இதைச் செய்யவில்லை. அம்மா சம்மதிக்கவில்லை, "வீடா, சர்க்கஸா?" என்று கேட்டுவிட்டார்.

அடுத்த தெரு

எங்கள் வீட்டில் படி அடியில் போட்டிருந்த கால்மிதிதான் காரணம். எடுத்துத் தூரப் போட்டோம். அவ்வளவுதான், வேறு எதுவும் செய்யவில்லை. பிறகு ஒருவரும் வழுக்கவில்லை.

பைப் வெல்டர்

கைப்பிடி போடுகிறவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் அழகுக்குச் செய்கிறதுதான் அதிகம்.

வாடிக்கையாளர் கேட்பது பெரும்பாலும் அகலமான மரப்பலகை அல்லது பெரிய சதுரக் குழாய். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். விழப் போகிற நேரத்தில் அது உதவாது. கை அதன் மேல் படுத்திருக்கும், பற்றிக்கொள்ளாது. கட்டை விரலும் மற்ற விரல்களும் சுற்றி வந்து சந்திக்கிற அளவு உருண்டையாக இருக்க வேண்டும். விட்டம் 3-லிருந்து 5 செ.மீ.க்குள் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவரையே கூப்பிட்டு ஒரு துண்டுக் குழாயைப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். மூட்டு வாதம் உள்ளவர்களின் கை சில சமயம் இதற்கும் மூடாது. அவர்களுக்குக் கொஞ்சம் பருமனாக இருந்தால்தான் வசதி.

சுவருக்கும் குழாய்க்கும் நடுவில் 4 செ.மீ. இடைவெளி விடுங்கள். விரல் முட்டி சுவரில் உரசினால் யாரும் பிடிக்க மாட்டார்கள். உயரம், படி விளிம்பிலிருந்து நேராக மேலே அளந்தால் 86-லிருந்து 97 செ.மீ. பாட்டி குள்ளமாக இருந்தால் கீழ்ப்பக்க அளவை எடுங்கள். தாங்கியைக் குழாயின் அடியிலிருந்து கொடுக்க வேண்டும், பக்கத்திலிருந்து கொடுத்தால் கை வழுக்கிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு தாங்கியிலும் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டி வரும்.

இப்போது முக்கியமானது. கைப்பிடி எங்கே முடிகிறது? நான் போய்ப் பார்க்கிற வீடுகளில் பாதிக்கு மேல், கைப்பிடி கடைசிப் படிக்கு ஒரு படி முன்பே முடிந்துவிடுகிறது. அங்கே ஒரு சுருள் அலங்காரம் வேறு. இருட்டிலோ பார்வை மங்கியோ இறங்குகிறவர் கையை நம்பித்தான் இறங்குகிறார். கைப்பிடி முடிந்தால் படியும் முடிந்தது என்று கை சொல்லிவிடும், கால் தரையில் நடக்கிற மாதிரி எட்டு வைக்கும். அங்கே இன்னும் ஒரு படி இருக்கும். ஆகவே கீழே கடைசிப் படியைத் தாண்டியும், மேலே முதல் படிக்கு முன்பு ஒரு 30 செ.மீ. சமதளத்திலும் கைப்பிடி நீள வேண்டும். மேலே இருக்கிற அந்த நீட்டம்தான் இறங்கத் தொடங்கும் முன்பே பிடிப்புக் கொடுக்கிறது. முனையைச் சுவருக்குள் வளைத்து விடுங்கள். திறந்த முனையில் சட்டைக் கை, பை வார், துப்பட்டா எது வேண்டுமானாலும் மாட்டி இழுத்துவிடும்.

பூச்சுக்குள் மட்டும் திருகு இறங்கியிருந்தால் அது கைப்பிடி இல்லை, சுவர் அலங்காரம். செங்கலுக்குள் போக வேண்டும். உள்ளே குழிவான கல் என்றால் அதற்கென்று உள்ள ஆங்கர் (திருகை உள்ளே இறுக்கிப் பிடிக்கிற பிடிப்பான்) வேண்டும். எந்த இடத்தில் இழுத்தாலும் குறைந்தது 90 கிலோ தாங்க வேண்டும் என்பது கணக்கு. என் கணக்கு இன்னும் எளிது: வேலை முடிந்ததும் நானே அதில் தொங்கிப் பார்ப்பேன். வீட்டுக்காரர் முகம் சுளித்தாலும் சரி.

கைலாம்பு

மின்வேலை செய்கிறவன். வெளிச்சத்தைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லையே என்று வந்தேன்.

இருபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போகிற வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரருக்குப் போகிறது. கண்மணி சுருங்கிவிடுகிறது, கண்ணின் லென்ஸ் பழுப்பேறிவிடுகிறது. ஆகவே "எனக்கு நன்றாகத் தெரிகிறதே" என்று நாம் சொல்வதற்கு அர்த்தமே இல்லை.

மேலேயும் கீழேயும் சுவிட்ச், எதில் போட்டாலும் எதில் அணைத்தாலும் வேலை செய்கிற டூ-வே சுவிட்ச், கட்டாயம் வேண்டும். இருட்டில் பாதிப் படி ஏறிப் போய்த்தான் சுவிட்ச் போட வேண்டும் என்ற வீடுகள் இன்னும் இருக்கின்றன. சென்சார் விளக்கு வைப்பவர்கள் சென்சாரைப் படிவரிசையின் நடுவில் வைத்துவிடுகிறார்கள். முதல் படியில் கால் வைக்கும்போது இருட்டு, மூன்றாவது படிக்கு வந்ததும் பளீரென்று எரியும். அந்தத் திடீர் வெளிச்சமே ஒரு தடுமாற்றம்தான். படிக்கு வருகிற வழியிலேயே ஆளைக் கண்டுகொள்ளும்படி இரண்டு முனையிலும் வையுங்கள்.

இறங்குகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒரே ஒரு விளக்கு இருந்தால் அவருடைய நிழலே படியை மறைக்கும். கண்ணுக்கு நேரே மூடியில்லாத பல்பு தொங்கினால் கண் கூசும். பக்கச் சுவரில், படிக்குக் கொஞ்சம் மேலே வரிசையாகச் சின்ன விளக்குகள் என்றால் விளிம்புகள் தெளிவாகத் தெரியும்.

மனைவியைக் கவனிப்பவர்

என் மனைவிக்கு மறதி நோய். மேலே எழுதியவர்கள் சொன்னது எல்லாம் சரி, ஆனால் இந்த நோயில் சில விஷயங்கள் தலைகீழாக இருக்கும். அதனால் எழுதுகிறேன்.

குழந்தைகளுக்கு வைக்கிற தடுப்புக் கதவை மாடிப்படி உச்சியில் வைத்தேன். அவருக்கு அது தடுப்பு என்று புரியவில்லை, தாண்ட வேண்டிய ஒன்று என்றுதான் புரிந்தது. இரவில் ஒரு காலைத் தூக்கி அதன் மேல் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். படியில் விழுவதைவிட அதன் மேலிருந்து விழுவது பல மடங்கு மோசம். மறுநாளே கழற்றிவிட்டேன். இப்போது அவர் கட்டிலுக்குப் பக்கத்தில், எழுந்தால் என் அறையில் மணி அடிக்கிற சென்சார் பாய் இருக்கிறது. படுக்கையையும் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டோம்.

இன்னொன்று, படி அடியில் கருநீல விரிப்பு ஒன்று இருந்தது. கடைசிப் படிக்கு வந்ததும் அப்படியே நின்றுவிடுவார். கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, "குழி, குழி" என்பார். எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. கடும் நிறத் துண்டு தரையில் கிடந்தால் இந்த நோயுள்ளவர்களுக்கு அது பள்ளமாகத் தெரியலாம், பளபளக்கும் தரை தண்ணீராகத் தெரியலாம் என்று மருத்துவர் விளக்கினார். விரிப்பை எடுத்ததும் அந்த நிற்பது நின்றுபோயிற்று. ஆகவே விளிம்புப் பட்டை போடும்போதும் ஒரு முறை அவர்களை நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு மீதிப் படிகளுக்குப் போடுங்கள்.

எழுபத்தெட்டு

இவ்வளவு நேரமாக எங்களைப் பற்றி நீங்கள் பேசுகிறீர்கள், எங்களில் ஒருவரும் பேசவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் வயது என் பெயரிலேயே இருக்கிறது.

நான் ஒரு தடவை விழுந்தேன். படி நேர், வெளிச்சம் நன்று, கைப்பிடி இரண்டு பக்கமும் உண்டு. அப்படியும் விழுந்தேன். அதிகாலையில் படுக்கையிலிருந்து விருட்டென்று எழுந்து நேரே படிக்கு வந்தேன், தலை கிறுகிறுத்தது, உட்கார்ந்த மாதிரி சரிந்தேன். மருத்துவர் என்னைப் படுக்க வைத்து ஒரு தடவையும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் இன்னொரு தடவையும் பிரஷர் பார்த்தார். மேல் எண் 20-க்கு மேல் இறங்கியிருந்தது. பிரஷர் மாத்திரையையும் தூக்க மாத்திரையையும் மாற்றிக் கொடுத்தார். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு நின்ற நிலையில் பிரஷர் பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் உட்கார வைத்துத்தான் பார்த்திருப்பார்கள். இப்போது நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கணுக்காலை மேலும் கீழும் ஆட்டிவிட்டு, கொஞ்சம் பொறுத்துத்தான் எழுகிறேன்.

அடுத்து, என் பிள்ளைகள் என்னைக் கீழ்த்தளத்துக்குக் குடிமாற்றப் பார்த்தார்கள். நான் மாட்டேன் என்றேன். மறதி நோய் உள்ள அம்மாவுக்கு அது தேவை, அந்த ஐயா செய்தது சரி. ஆனால் நடக்க முடிகிறவனைப் படியிலிருந்து விலக்கினால் என்ன ஆகும்? தொடைச் சதை வற்றும். வற்றின தொடையோடு வெளியே எங்கேயாவது நாலு படி இறங்க நேர்ந்தால் அங்கே விழுவேன். பயந்து நடையைக் குறைப்பவர்கள் இன்னும் சீக்கிரம் விழுகிறார்கள், என் சிநேகிதர்களில் பார்த்துவிட்டேன். நியூசிலாந்தில் ஒட்டாகோ என்று ஒரு பயிற்சி முறை உண்டு. வயதானவர்கள் வீட்டிலேயே செய்கிற கால் வலு, சமநிலைப் பயிற்சிகள். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, ஒரு காலில் நிற்பது, படி ஏறி இறங்குவது எல்லாம் அதில் இருக்கிறது. விழுவதை 35 சதவீதம் குறைத்தது என்று அதன் ஆய்வுகள் சொல்கின்றன. பிசியோ சொல்லிக் கொடுத்தபடி நான் செய்கிறேன். முதலில் நாற்காலியிலிருந்து எழ இரண்டு கையும் வேண்டியிருந்தது, இப்போது வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். நாங்கள் படி இறங்கும்போது கீழேயிருந்து கூப்பிடாதீர்கள். "தாத்தா, போன்!" என்று பேரன் கத்தினால் பதில் சொல்ல வாய் திறக்கிறேன், கண் அவன் பக்கம் போகிறது, கால் எங்கே இருக்கிறது என்று மறந்துவிடுகிறது. பேசுவதும் படி இறங்குவதும் உங்களுக்கு ஒரே வேலை, எங்களுக்கு இரண்டு. துணிக்கூடையையும் எங்கள் கையில் கொடுக்காதீர்கள். நான் தோளில் குறுக்காக மாட்டுகிற பை ஒன்று வைத்திருக்கிறேன், கண்ணாடி, புத்தகம், மருந்து எல்லாம் அதில். அதில் அடங்காதது மேலே போக வேண்டியதில்லை. காலில் குதிகாலைச் சுற்றிப் பிடிக்கிற செருப்பு. வெறும் காலுறையோடு பளிங்குப் படியில் இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கே அடிவயிறு கலங்கும்.

மாடிவீட்டு மகன்

ஐயா, நீங்கள் சொன்ன பிறகு அப்பாவிடம் கேட்டேன். நின்ற நிலையில் பிரஷர் பார்த்ததே இல்லையாம். நாளைக்கே போகிறோம். படி நாற்காலி, அதாவது ஆளை உட்கார வைத்துத் தண்டவாளத்தில் படி ஏற்றி இறக்குகிற மின் நாற்காலி, பற்றி யாருக்காவது அனுபவம் உண்டா? அக்கா அதை வாங்கலாம் என்கிறார்.

ஓய்வுபெற்றவள்

எங்கள் வீட்டில் இருக்கிறது, என் கணவருக்காக. நல்லதும் கெட்டதும் சொல்கிறேன்.

தண்டவாளத்தைச் சுவரில் மாட்டுவதில்லை, படிகளிலேயே திருகுகிறார்கள். அதனால் சுவர் பலவீனமாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் படிக்கட்டின் பக்கவாட்டு அகலம் ஓரளவு போய்விடும். குறுகலான படிக்கட்டில் மற்றவர்களுக்கு அதுவே இடைஞ்சல். நாற்காலி மடங்கியிருந்தாலும் நான் அதை உரசிக்கொண்டுதான் போகிறேன். நேர்ப் படிக்குச் சுலபம். வளைந்த படி என்றால் தண்டவாளத்தை உங்கள் படிக்கட்டுக்கென்றே அளந்து வளைக்க வேண்டும், செலவு எக்கச்சக்கமாக ஏறும், பிறகு வேறு வீட்டுக்கும் பயன்படாது. எங்களுடையது பேட்டரியில் ஓடுகிறது, மின்சாரம் போனாலும் சில தடவை ஏறி இறங்கும். வாங்கும்போது இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மேலே போய் நின்றதும் இருக்கை தரைப் பக்கம் திரும்புகிறதா என்று கட்டாயம் பாருங்கள். திரும்பாத வகை என்றால் படிவரிசையின் உச்சியில், பள்ளத்தைப் பார்த்தபடி எழுந்து நிற்க வேண்டும். அதற்குப் படியில் நடந்தே போகலாம். தானாக உட்காரவும் எழவும் முடிகிறவர்களுக்கும், இடுப்புப் பட்டையைப் போட மறக்காதவர்களுக்கும்தான் இது. உங்கள் அப்பா நன்றாக நடக்கிறார் என்கிறீர்கள். எனக்கென்னவோ உங்கள் அக்கா அவசரப்படுகிறார் என்று தோன்றுகிறது.

அடுத்த தெரு

செவிலி அக்கா, ஒரு கேள்வி. எல்லாம் செய்தும் விழுந்துவிட்டார் என்று வையுங்கள், அந்த நிமிடம் என்ன செய்வது? எங்கள் வீட்டில் எல்லாரும் ஓடிப்போய்த் தூக்கத்தான் பார்ப்பார்கள்.

வீட்டுக்கு வரும் செவிலி

தூக்காதீர்கள். முதலில் பேச்சுக் கொடுங்கள், எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். கழுத்தோ முதுகோ வலிக்கிறது என்றாலும், கை கால் மரத்துப்போகிறது என்றாலும் அப்படியே விட்டு, போர்த்திவிட்டு, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அடி எதுவும் இல்லை, அவரே அசைகிறார் என்றால் அவசரப்படாமல் படியிலேயே நிமிர்ந்து உட்காரட்டும். உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாகக் கீழே நகர்ந்து தரைக்கு வரட்டும். அங்கே ஆடாத நாற்காலி ஒன்றை முன்னால் வையுங்கள். மண்டியிட்டு, இரண்டு கையையும் அதில் ஊன்றி, வலுவான காலை முன்னால் வைத்து அவரே எழட்டும், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.

தனியாக இருக்கிறவர் என்றால் போன் எப்போதும் உடம்போடு இருக்க வேண்டும், மேசையில் இல்லை. விழுந்து எழ முடியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடப்பது, விழுந்த அடியைவிடப் பெரிய கேட்டைக் கொண்டுவரலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டுவிட்டால், "எனக்கு ஒன்றுமில்லை" என்று அவர் எத்தனை தரம் சொன்னாலும் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்விடுங்கள், மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு.